தாது வருஷப் பஞ்சமும் சூரியனின் கரும்புள்ளிகளும்



தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சம் அது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறியோரும் உண்டு. ரப்பருக்கு முன்பே இங்கே கரும்பு, காப்பித் தோட்டங்கள் இருந்தன.

மழை ஏன் பொய்த்தது? சூரியன் முகத்தில் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. பஞ்ச காலத்தில் அவை மிகக் குறைவு. அதுதான் காரணமோ என்று அறிஞர் சிலர் ஐயுற்றனர். அந்த ஐயத்தின் பயனாகவே 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் அமைந்தது.

விடையோ வேறு. புள்ளிகள் கூடினாலும் குறைந்தாலும் வெயில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மாறுகிறது. அன்று மழையைக் கெடுத்ததில் பெரும்பங்கு பசிபிக் கடல் சூடேறிய எல் நினோவுக்கு உரியது. பாவம், சூரியன்மேல் வீண்பழி!

ஆனால் மேல்வானத்தின் கதை வேறு. கரும்புள்ளி அருகே வெடிப்பு நேர்ந்தால், அதன் எக்ஸ் கதிர் 8 நிமிடத்தில் நம்மை எட்டும். பகல் வானின் மேலடுக்கு மின்னேற்றம் மிகுந்து, சிற்றலை ஒலிபரப்பை விழுங்கிவிடும். கிள்ளானில் சிற்றலை கேட்பவர், பெட்டி திடீரென ஊமையானால் உடனே பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். சற்றுப் பொறுத்துப் பார்க்கலாம்.

2024 மே மாதப் பெரும் சூரியப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் இரவு வானம் சிவந்தது. நாம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், அக்காட்சி இங்கே தெரியவில்லை.