தங்குமிடமும் மருந்தே

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் உளர். இசை பாடுவோர் உளர். இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரியும் எங்களுக்கு மேடைப் பழக்கம் குறைவு. படிப்பும் மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்டது. ஆயினும், சங்கத்தின் தொண்டர் குழுவில் உள்ள நாங்கள் சிலர் ஓராண்டாக எங்களுக்குள் பேசி வந்த ஒரு பொருளை உங்கள் முன் வைக்க விரும்பினோம். தலைவர் அவர்கள் அன்புகூர்ந்து இசைவு தந்தார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி.

பொருள் இதுதான்: கொடிய நோயுற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு இம் மும்பை நகருக்கு வரும் ஏழைக் குடும்பம் எங்கே தங்கும்?

பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனையை அறியாதார் நம்முள் இலர். 1931ஆம் ஆண்டு மெஹர்பாய் டாட்டா அம்மையார் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அவர் கணவர் சர் தோராப்ஜி டாட்டாவின் பெயரால் அமைந்த அறக்கட்டளை, 1941ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அம் மருத்துவமனையைத் திறந்தது. நம் சென்னை அடையாற்றுப் புற்றுநோய் நிலையமும் இத்தகைய துயரில் பிறந்ததே. உடன்பிறந்தாளை அந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் அது 1954இல் தொடங்கிற்று. தமக்கு நேர்ந்த இழப்பைப் பிறர்க்கு நேராதிருக்கச் செய்யும் வழியாக மாற்றிய பெருமக்கள் இவர்கள்.

அடையாறும் வேலூரும் இருப்பதனால் தமிழ்நாட்டிலிருந்து பரேலுக்கு வருவோர் அதிகம் இலர். வருவோரில் பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட், வங்காளம், மகாராஷ்டிரத்தின் உள் மாவட்டங்கள் ஆகிய பகுதிகளின் எளிய மக்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளிலும் பாலத்தின் கீழும் பாயை விரித்து, நெகிழித் தாளைக் கூரையாகக் கட்டி, வாரக்கணக்கில் வாழும் குடும்பங்களை நம்மில் பலர் பேருந்தின் சன்னல் வழியே கண்டிருக்கிறோம். அங்கே தலைமயிர் உதிர்ந்து, வாயில் துணிக்கவசம் அணிந்து, தாயின் மடியில் படுத்திருக்கும் குழந்தையையும் கண்டிருக்கிறோம்.

‘மருத்துவமனையில்தான் படுக்கை கொடுப்பார்களே, இவர்கள் ஏன் வெளியே கிடக்கிறார்கள்?’ என்று கேட்போர் உண்டு. இக் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் நாங்கள் சொல்ல வருவது விளங்கும்.

குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோய் வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டு வரை நீள்கிறது. முதற் சில திங்கள்கள் கடுமையான மருந்துகளைக் கொடுக்கிறார்கள். பின்னர் வீரியம் குறைந்த மருந்துகள் நெடுநாள் தொடர்கின்றன. இவ்வளவு காலமும் ஒரு குழந்தைக்கே ஒரு படுக்கையை ஒதுக்க எந்த மருத்துவமனையாலும் இயலாது. ஆதலால் குழந்தை வெளிநோயாளியாகவே பெரும்பாலும் சிகிச்சை பெறுகிறது. ஒருநாள் மருந்து ஏற்றுவார்கள். சில நாள் கழித்து இரத்தத்தைச் சோதிப்பார்கள். அணுக்களின் எண்ணிக்கை தேறியிருந்தால் அடுத்த மருந்து, இல்லையேல் காத்திருப்பு. இதற்கிடையே ஊருக்குப் போய் வரலாம் என்றால், தர்பங்காவும் தன்பாதும் தாதரிலிருந்து ஒரு நடையில் போய் வரும் ஊர்களா?

மற்றொன்றும் உண்டு. புற்று அணுக்களை அழிக்கும் மருந்து, நோயை எதிர்த்து நிற்கும் வெள்ளணுக்களையும் குறைத்துவிடுகிறது. அந்நாட்களில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் தாமதமின்றி மருத்துவமனை சேர்க்க வேண்டும். மற்றக் குழந்தைக்கு இரண்டு நாளில் போய்விடும் சளியும் வயிற்றுப்போக்கும் இக் குழந்தையின் உயிருக்கே உலை வைக்கும். நாட்பட்ட சோறு கூடாது, காய்ச்சாத நீர் கூடாது, கூட்டம் கூடாது, தூசி கூடாது. இத்தனை ‘கூடாது’களையும் மருத்துவர் சொல்லியனுப்ப, தாய் குழந்தையோடு திரும்பிச் செல்லும் இடமோ நடைபாதை.

ஆகவேதான் நாங்கள் சொல்கிறோம்: இக் குழந்தைகளைப் பொறுத்தவரை தங்குமிடம் என்பது சிகிச்சைக்கு வெளியே உள்ள வசதியன்று, சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும். விலையுயர்ந்த மருந்தை ஏற்றிவிட்டு நடைபாதையில் படுக்க வைப்பது, நாற்றுக்கு உரமிட்டுவிட்டு நீர் பாய்ச்ச மறுப்பதற்கு ஒப்பாகும்.

செல்வ நாடுகளில் புற்றுநோயுற்ற குழந்தைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர் என்றும், ஏழை நாடுகள் பலவற்றில் முப்பது பேர்கூடப் பிழைப்பதில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2030ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் நூற்றுக்கு அறுபது குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்று 2018இல் அந்நிறுவனம் குறிக்கோள் வகுத்தது. இவ் வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல. நோயைக் காலங்கடந்து கண்டறிதல் ஒன்று. மருந்து கிட்டாமை ஒன்று. பாதியிலேயே சிகிச்சையை விட்டுவிட்டு ஊர் திரும்புதல் மற்றொன்று. தந்தையின் கூலி போயிற்று, கையிருப்புக் கரைந்தது, ஊரில் விட்டுவந்த பிள்ளைகளைப் பார்ப்பார் இல்லை, தங்க இடமில்லை என்ற நிலையில், குணமாகக்கூடிய குழந்தையையும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இவர்களை அன்பற்ற பெற்றோர் என்று சொல்ல எவர்க்கும் நா எழாது. தங்குமிடம், உணவு, பண உதவி, ஆறுதல் ஆகியவற்றை ஒருங்கே ஏற்பாடு செய்த இடங்களில் இவ்வாறு பாதியில் விட்டுச் செல்வோர் தொகை பெரிதும் குறைந்திருக்கிறது.

எங்கள் துறையைப் பற்றியும் ஒரு சொல். புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் செல்லும் நோயாளிக்கு, படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் இரயில்வே முழுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்கிறது. உடன் செல்லும் ஒருவர்க்கு அவ் வகுப்புகளில் நூற்றுக்கு 75 பங்கு தள்ளுபடி. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வேறு பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் நோயாளிகளுக்குரிய சலுகைகள் நீடித்தன. மருத்துவமனை உரிய படிவத்தில் கையொப்பமும் முத்திரையும் இட்டுத் தரும் சான்றிதழை முன்பதிவுச் சாளரத்தில் கொடுத்தால் போதும். ஆனால் சலுகை உடன் செல்லும் ஒருவர்க்கே. தாயும் தந்தையும் சேர்ந்து வந்தால் மற்றவர் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். இவ்வளவும் இரயில் நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. நிலைய வாயிலைத் தாண்டிய பின் அக் குடும்பத்திடம் எந்தச் சலுகைச் சீட்டும் இல்லை. அங்கிருந்துதான் நம் போன்ற ஊராரின் கடமை தொடங்குகிறது.

இக் கடமையை உணர்ந்து செய்து காட்டியோர் இந்நகரில் உளர். கையில் துடைப்பமும் தலையில் மண்சட்டியுமாய் ஊர் ஊராய்ச் சென்று தெருக் கூட்டிய கட்கே மகராஜ் என்னும் பெரியவரை (1876–1956) மராட்டியர் போற்றுகின்றனர். கீர்த்தனம் பாடித் திரட்டிய பொருளைத் தமக்கென ஒரு குடிசைக்கும் செலவிடாமல், ஏழைகளுக்குத் தரும சாலைகளாக எழுப்பியவர் அவர். அவர் பெயரால் தாதரில் நடைபெறும் தரும சாலையில், பரேலுக்கு வரும் நோயாளிகளும் உறவினரும் குறைந்த கட்டணத்தில் இன்றும் தங்குகின்றனர்.

குழந்தைகளுக்கென்றே தனி இல்லம் வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1974இல் உருப்பெற்றது. அந்நகரின் கால்பந்து வீரர் ஒருவரின் மகள் இரத்தப் புற்றுநோயுற்றாள். மருத்துவமனை நாற்காலிகளில் இரவைக் கழிக்கும் பெற்றோரை அவர் கண்டார். ஆட்ரி எவன்ஸ் என்னும் குழந்தை மருத்துவ அம்மையாரோடு சேர்ந்து மருத்துவமனைக்கருகே ஒரு வீட்டைப் பெற்றுத் திறக்கத் துணைநின்றார். நம் மும்பையில் 2006ஆம் ஆண்டு நிகால் கவிரத்னேயும் அவர் துணைவியார் சியாமாவும் செயின்ட் ஜூட் என்னும் பெயரால் இப்பணியைத் தொடங்கினர். இன்று சென்னை, வேலூர் உள்ளிட்ட பல நகரங்களில் அவ் இல்லங்கள் உள்ளன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி இடம், பொதுச் சமையலறையில் ஒவ்வொரு தாய்க்கும் தனி அடுப்பு, சமைக்கப் பொருள்கள், குழந்தைகளுக்குப் பாடம். கட்டணம் இல்லை.

தனி அடுப்பு என்றதும் நமக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வருகிறது. மதுரைக்குப் புதியராய் வந்த கோவலனையும் கண்ணகியையும் கவுந்தியடிகள் ஆயர்குல மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி இடம் மட்டுமா தந்தாள்? நல்ல கலங்களும் காயும் அரிசியும் தந்து, தன் மகள் ஐயையைத் துணைக்கும் விட்டாள். கண்ணகி தன் கையால் சமைத்துத் தன் கணவனுக்குப் படைத்தாள். ஊர்விட்டு ஊர் வந்தவளுக்குச் சோறு போடுவதினும் ஓர் அடுப்பைத் தருவது மேல் என்பதை அந்த ஆய்ச்சி அறிந்திருந்தாள். நோயுற்ற குழந்தையின் தாய்க்கும் அதுவே வேண்டும். தன் குழந்தைக்குத் தூய்மையாய்ச் சமைத்துக் கொடுக்கும் உரிமை அவளுக்கு மீண்டும் கிடைக்க வேண்டும்.

தஞ்சை மன்னர் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், தம் சத்திரங்களில் நோயுற்ற வழிப்போக்கர்க்கு மருந்தும் பத்திய உணவும் நலம் பெறும்வரை அளிக்கப்படுவதைப் பெருமையோடு குறிப்பிடுகிறார். ஆதலால் நாங்கள் கேட்பது தமிழர்க்குப் புதியதன்று.

இனி எங்கள் வேண்டுகோள். நம் சங்கக் கட்டிடத்தின் மாடியில் இரண்டு அறைகள் உள்ளன. திருமண வீட்டார்க்கு அவற்றை வாடகைக்கு விடுகிறோம். மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. அவ்விரண்டையும் ஆண்டு முழுதும் இரண்டு குடும்பங்களுக்கு ஒதுக்கித் தர வேண்டுகிறோம். யாரை அனுப்புவது என்பதை மருத்துவமனையின் சமூகப் பணியாளர்களே முடிவு செய்யட்டும். நாம் தேர்ந்தெடுக்கவும் வேண்டா. வருவோரிடம் கதை கேட்கவும் வேண்டா. அடுப்பு, வடிகட்டிய நீர், கொசுவலை, காய்ச்சல் கண்ட இரவில் வண்டி பிடித்துத் தர ஒரு தொண்டர்: இவை போதும்.

இதனைச் செயற்குழுவில் பேசியபோது நான்கு தடைகள் எழுந்தன. அவற்றை எழுப்பியோர் நம் நலம் நாடும் பெரியோர். எனவே மறைக்காமல் சொல்கிறோம்.

‘நோய் ஒட்டிக்கொள்ளாதா?’ என்பது ஒன்று. புற்றுநோய் தொற்றுநோயன்று. அக் குழந்தைகளால் நமக்குத் தீங்கில்லை. நம் சளியாலும் இருமலாலும் அவர்களுக்குத்தான் தீங்கு. ஆகவே மாடிப் படியையும் நீர்க்குழாயையும் தனியே ஒதுக்க வேண்டும். விழா நாட்களில் கூட்டம் மாடிக்கு ஏறாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘மங்கல காரியம் நடக்கும் இடத்தில் இது தகுமா?’ என்பது இரண்டாவது. இரு குடும்பம் சேரும் இடத்தில் ஒரு குழந்தை உயிர் தேறுமாயின் அதனினும் மங்கலம் எது? அதே வேளையில் ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லவேண்டும். வரும் குழந்தைகள் எல்லாரும் பிழைப்பார்கள் என்று எவராலும் உறுதி கூற முடியாது. சில குடும்பங்கள் வெறுங்கையோடு திரும்பும். அந்நாளில் அத்தாயின் அருகே அமரவும், இறுதிக் கடன்களுக்குத் துணைநிற்கவும் நாம் ஆயத்தமாய் இருக்க வேண்டும். அதற்கு மனம் இருந்தால் மட்டுமே இப்பணியை ஏற்போமாக.

‘வாடகை வருமானம் போய்விடுமே’ என்பது மூன்றாவது. போகும், இல்லை என்று சொல்லமாட்டோம். அதனை ஈடுசெய்ய, நாங்கள் சிலர் மாதந்தோறும் எங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தர முன்வந்துள்ளோம். மேலும் ஐம்பது உறுப்பினர் இணைந்தால் பாரம் எவர்க்கும் தெரியாது.

‘வருவோர் தமிழர் அல்லரே, தமிழ்ச் சங்கம் தமிழர்க்கன்றோ?’ என்பது நான்காவது. இதற்கு விடை நம் வரலாற்றிலேயே இருக்கிறது. நம் பாட்டன்மார் தகரப் பெட்டியோடு இந்நகரில் இறங்கியபோது, மாதுங்காவிலும் தாராவியிலும் ஓர் அறையில் பத்துப் பேராய்ப் படுத்து வாழ்வைத் தொடங்கினர். மொழி தெரியாத அவர்களுக்கு வேலை காட்டியவரும், கடனுக்கு அரிசி தந்தவரும், வழி சொன்னவரும் எல்லாரும் தமிழர் அல்லர். இந்நகருக்கு நாம் பட்ட கடன் ஒன்று உண்டு. அதனை இந்நகருக்குப் புதிதாய் வரும் ஏழைக்குச் செலுத்துவதே முறை. தமிழ் பேசாத ஒரு தாய் நம் மாடியில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சினால் நம் தமிழ் குறைந்துவிடாது. தமிழர் என்ற சொல்லுக்கு அவள் ஊரில் ஒரு நல்ல பொருள் உண்டாகும்.

பெரியோர்களே! இரண்டு அறைகளால் பரேலின் நடைபாதை வெறுமையாகிவிடாது என்பதை நாங்கள் அறிவோம். ஆனால் அவ்விரண்டு அறைகளில் தங்கும் இரண்டு குழந்தைகள் சிகிச்சையை முடித்துக்கொண்டு ஊர் திரும்ப வழி பிறக்கும். அடுத்த பொதுக்குழுவில் இத்தீர்மானம் உங்கள் முன் வரும். ஏற்பதோ மறுப்பதோ உங்கள் உரிமை. வாக்களிக்குமுன் ஒருமுறை பரேல் வழியே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.