மலை சுற்றினால் மட்டும் போதுமா?

‘உடம்பைக் கொஞ்சம் குறையுங்கள்’ என்று டாக்டர் சொல்லிவிட்டால், திருவண்ணாமலைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கிரிவலப் பாதைதான். இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்களையும் கும்பிட்டு 14 கிலோமீட்டர் நடந்து வந்தால் புண்ணியத்துக்குப் புண்ணியம், உடற்பயிற்சிக்கு உடற்பயிற்சி என்று ஒரு கணக்கு. அரசும் நடையைத்தான் முன்னிறுத்துகிறது. 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காணப்பட்டது. நடை நல்லது, அதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. ஆனால் தளர்ந்துபோன உடம்பைத் திரும்பக் கட்டுக்குக் கொண்டுவர நடை மட்டும் போதாது. தசைக்கென்று தனியாக வேலை கொடுக்க வேண்டும். அந்த வேலையை வீட்டுக் கூடத்திலேயே கொடுக்க முடியும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

முப்பது வயதைத் தாண்டியதும், தசைக்கு வேலை கொடுக்காதவர்களுக்கு அது பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை கரைகிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாகக் கரையும். எடை மெஷினில் இது தெரியாது. தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும், எண் மட்டும் அப்படியே நிற்கும். சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். ஆகவே தசை குறைந்தால் சர்க்கரை தங்குவதற்கு இடமும் குறைகிறது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. ஆகவே இங்கே தசை கரைவது அழகுப் பிரச்சினை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டுதல் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகளுக்கெல்லாம் வலுப் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் பாதி நம் காதில் விழுந்தது, இரண்டாவது பாதி விழவில்லை.

சரி, எந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது? செல்போனைத் திறந்தால் குதிக்கிறார்கள், புரள்கிறார்கள், ஏழே நாளில் தொப்பை போகும் என்கிறார்கள். வியர்வை ஒரு அளவுகோலே அல்ல. சித்திரை வெயிலில் திண்ணையில் சும்மா உட்கார்ந்தாலும் வியர்க்கும். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பயிற்சியை அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் கடினமாக்க வழி இருக்கிறதா? தசை பழகிய சுமைக்கு வளராது, பழகியதைத் தாண்டிய சுமைக்குத்தான் வளரும். நம் தண்டாலும் பஸ்கியும் இந்தக் கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்கின்றன. பல வருஷம் ஒன்றுமே செய்யாதவர் தண்டாலைச் சுவரில் கைவைத்துத் தொடங்கலாம். பிறகு சமையல் மேடை, பிறகு உயரம் குறைந்த பெஞ்சு, கடைசியாகத் தரை. பஸ்கிக்கு முதலில் நாற்காலி. கையை ஊன்றாமல் எழுந்து, பொத்தென்று விழாமல் மெதுவாக உட்கார வேண்டும். எழும்போது மட்டுமல்ல, மெதுவாக இறங்கும்போதும் தொடை வேலை செய்கிறது. பலர் தவறவிடுவதும் அதைத்தான். பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணமும் பஸ்கி வகைதான், அவசரமில்லாமல் போட்டால்.

வீட்டில் விட்டுப்போவது இழுக்கும் பயிற்சி. தள்ளுவதற்குச் சுவர் இருக்கிறது, இழுப்பதற்கு ஒன்றுமில்லை என்று முதுகை விட்டுவிடுகிறோம். ஒரு துணிப்பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு, ஒரு கையை ஸ்டூலில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் பையை இடுப்புவரை இழுத்து இறக்கினால் முதுகுக்கு வேலை கிடைத்துவிடும். பழகியபின் பையில் எடையைக் கூட்டலாம். கீழிருந்து தூக்கும் பழக்கமும் வேண்டும். தெருவுக்குத் தெரு வரும் தண்ணீர் கேன் இருபது லிட்டர், அதாவது இருபது கிலோ. அதைத் தள்ளி நின்று முதுகை வளைத்துத் தூக்குவதால்தான் இடுப்புப் பிடிக்கிறது. கேனை ஒட்டி நின்று, இடுப்பை மடக்கி, முதுகை நேராக வைத்துத் தூக்க, முதலில் எடை குறைந்த பையில் பழக வேண்டும். ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை, கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்கும்படி. சற்று ஓய்ந்து இன்னும் ஒரு சுற்று. பதினைந்து தடவை சுலபமாக வந்துவிட்டால் அடுத்த படிக்குப் போங்கள்.

‘காலையிலிருந்து ராத்திரிவரை வீட்டு வேலை செய்கிறேனே, அது போதாதா?’ என்று பெண்கள் கேட்பது நியாயமான கேள்வி. அது உழைப்புதான், ஆனால் பத்து வருஷமாக அதே குடம், அதே துடைப்பம். உடம்பு அதற்கு என்றோ பழகிவிட்டது. களைப்பு மட்டும் மிச்சம். ஜிம்முக்குப் போகாமல் பலன் வருமா என்பவர்களுக்கு ஜப்பானில் நடந்த ஓர் ஆய்வு பதில். 2017-இல் வெளியானது. எட்டு வாரம் தண்டால் எடுத்தவர்களுக்கும், ஏறக்குறைய அதே அளவு சுமையைப் படுத்தபடி தூக்கியவர்களுக்கும் மார்புத் தசை ஒன்றுபோலவே வளர்ந்திருந்தது. மிகப் பெரிய எடையைத் தூக்கும் வலு வேண்டுமென்றால் கனமான இரும்புதான் மேல், அதை மறுக்க முடியாது. ஆனால் நாம் போட்டிக்கா போகிறோம்? வயதாகிவிட்டது என்ற தடைக்குப் பதில் இன்னும் பழையது. 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டனில், சராசரி வயது தொண்ணூறு கொண்ட முதியோர் இல்லவாசிகள் சிலருக்கு எட்டு வாரம் கால் வலுப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் கால்வலு சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது. யோகா செய்கிறேனே என்பவர்கள் அதை விட வேண்டாம். சூரிய நமஸ்காரத்தில் தள்ளும் வேலை உண்டு, இழுக்கும் வேலை இல்லை, அதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் ஒரு சொல். சோறு தட்டை நிரப்பிவிட்டால் தசைக்கு வேண்டிய புரதத்துக்கு இடமிருக்காது. வேர்க்கடலை விளையும் மாவட்டம் நம்முடையது. நூறு கிராமில் சுமார் 25 கிராம் புரதம். எண்ணெய்ச் சத்தும் அதிகம் என்பதால் ஒரு கைப்பிடி அவித்தது போதும். கொள்ளு, பயறு, முட்டை என்று மற்றவை அவரவர் வீட்டு வழக்கம்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு முக்க வேண்டாம். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூட்டுக்குள் குத்துகிற வலி வந்தால் நிறுத்துங்கள். மறுநாள் தசையில் வரும் வலி சில நாளில் போய்விடும். நெஞ்சுவலி உள்ளவர்களும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம், மாத்திரையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடாதீர்கள். அந்தத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்களும் இருக்கிறார்கள். நாற்காலியிலிருந்து எழுவதை ஒருமுறை அவர்கள் முன்னால் செய்து காட்டி, சரியா என்று கேளுங்கள்.