மனத்தின் களைப்பும் அன்றாடப் பழக்கங்களும்

(ஏலகிரி மலையில் நடைபெற்ற பஞ்சாயத்து அங்கத்தினர், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



வட்டார வளர்ச்சி அதிகாரி மலையேறி வந்தால் சாலையைப் பற்றியோ குடிநீரைப் பற்றியோ தொகுப்பு வீடுகளைப் பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. குடிநீரைப் பற்றி இன்றும் சிறிது பேசத்தான் போகிறேன். ஆனால் வேறொரு காரணத்திற்காக. இன்றைய பொருள் மனத்தின் களைப்பு.

உடலின் களைப்பை நாம் நன்கு அறிவோம். ஏரில் பூட்டிய மாட்டை வெயில் ஏறியதும் அவிழ்த்து, தண்ணீர் காட்டி, நிழலில் கட்டாத விவசாயி இம்மலையின் 14 சிற்றூர்களில் ஒருவரேனும் உண்டா? மாட்டிற்குக் காட்டும் இந்தக் கருணையை நம் மனத்திற்கு நாம் காட்டுவதில்லை. பகலெல்லாம் கடனையும் மழையையும் பிள்ளையின் படிப்பையும் இழுத்த மனம், இரவில் பாயில் படுத்த பின்னும் நுகத்தடியோடேயே கிடக்கிறது.

இதை ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு வட்டாரத்தில் பணியாற்றியபோது, தணிக்கையும் வறட்சி நிவாரண வேலையும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன. நாலு மணி நேரத் தூக்கம், நாளொன்றுக்கு எட்டுத் தேநீர், வேளை தவறிய சாப்பாடு என்று மூன்று மாதம் ஓடியது. அலுவலக உதவியாளரைக் காரணமின்றிக் கடிந்துகொள்வேன். வீட்டிற்கு வந்தால் பேச்சே இராது. ஒரு நாள் மாலை, மலைச்சாலை ஒன்றில் ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சு படபடத்தது, கைகள் குளிர்ந்தன, மூச்சு முட்டியது. மாரடைப்பு என்றே எண்ணினேன். ஓட்டுநர் வண்டியை ஒரு வளைவில் நிறுத்தி, என் முதுகைத் தடவிக்கொண்டே, "ஐயா, மெதுவா மூச்சை விடுங்க" என்றார். மருத்துவமனையில் சோதித்ததில் இருதயம் பழுதில்லை என்று தெரிந்தது. இரத்த அழுத்தம் மட்டும் மிகுந்திருந்தது. "எப்போது கடைசியாக வயிறாரச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கினீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

அந்த ஓட்டுநர் சொன்னது சரியான வைத்தியமே என்பதைப் பின்னர் அறிந்தேன். நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது நாடி சற்றே விரைகிறது; வெளியே விடும்போது தணிகிறது. ஆகவே உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டினால், சில நிமிடங்களில் படபடப்பு அடங்கத் தொடங்கும். நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விட வேண்டும். வரப்பில் உட்கார்ந்தும் செய்யலாம். பேருந்தில் நின்றும் செய்யலாம். ஆயினும் இது தீ மூண்டபின் தெளிக்கும் நீரே. தீ மூளாதிருக்கத் தூக்கம் வேண்டும்.

வயது வந்தவருக்கு இரவில் ஏழு மணி நேரத் தூக்கமாவது அவசியம். தேநீரிலும் காப்பியிலும் உள்ள சத்து குடித்த ஐந்தாறு மணி நேரத்திற்குப் பின்னும் ஏறத்தாழப் பாதியளவு உடலில் தங்கியிருக்கிறது. மாலை ஆறு மணிக்குக் குடித்தது நள்ளிரவில் நம்மை விழிக்க வைத்தால் வியப்பில்லை. பிற்பகலோடு தேநீரை நிறுத்திப் பாருங்கள். மது அருந்தினால் தூக்கம் வரும் என்பார் உளர். வருவது உண்மை; ஆனால் அது பின்னிரவில் கலைந்துவிடும். அடுத்த நாள் எரிச்சலும் அதற்கடுத்த நாள் கூடுதல் மதுவுமாக அது வளரும். கைபேசியைப் பற்றி உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்வதையே உங்களுக்கும் நீங்கள் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் தாய்மார்கள் சிலர் சிரிப்பதைக் காண்கிறேன். ஏழு மணி நேரம் தூங்க யாருக்கு நேரம் இருக்கிறது என்பதே அச்சிரிப்பின் பொருள். நியாயமான கேள்விதான். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளின் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். அவ்வேலைக்குச் செல்லும் ஒரு பெண் விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளைகளை ஆயத்தம் செய்து, வண்டிக்கு ஓட வேண்டும். பகல் முழுதும் தையல் இயந்திரத்தின் மேல் குனிந்திருந்து கழுத்தும் தோளும் இறுகிப்போகும். மாலை வீடு திரும்பினால் மறுபடியும் அடுப்பு, பாத்திரம், தண்ணீர். அவரிடம் சென்று, "அம்மா, தினமும் அரைமணி நேரம் நடங்கள், மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று உபதேசம் செய்வது எவ்வளவு பொருத்தமற்றது!

ஆகவே ஆண்மக்களிடம் ஒரு வேண்டுகோள். அரிசியோ சாமையோ உலையில் போடுவதற்கும் பாத்திரம் துலக்குவதற்கும் தனித் திறமை ஒன்றும் தேவையில்லை. இரவில் ஒரு மணி நேர வேலையை நீங்கள் ஏற்றால், உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கிடைக்கிறது. இதைவிடச் சிறந்த மருந்தை எந்த ஆஸ்பத்திரியிலும் தரமாட்டார்கள். வேலையிடத்தில் மணிக்கு ஒரு முறையேனும் நிமிர்ந்து, தோள்களைப் பின்னுக்குச் சுழற்றி, கழுத்தை இருபுறமும் மெல்லத் திருப்புவதைத் தாய்மார்கள் வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் இதில் பங்கு உண்டு. குடிநீர் எப்போது வரும் என்று தெரியாமல், குழாயின் ஓசைக்குக் காது கொடுத்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் கிடக்கும் பெண்களைப் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். தண்ணீர் அதே தண்ணீர். செலவு அதே செலவு. தொட்டி இயக்குபவரிடம் ஒரு நேரத்தைக் குறித்துக் கொடுத்து, அதைத் தவறாமல் கடைப்பிடிக்கச் செய்தால் போதும். குறித்த நேரத்தில் வரும் தண்ணீரும் மனநலத் திட்டமே என்பது என் துணிபு.

அடுத்து, கவலையைப் பகிர்வது. நம் ஆண்கள் இதில் மிகவும் பின்தங்கியவர்கள். கடன் இருப்பதை மனைவிக்கும் சொல்லாமல் மறைத்து, தனியே விழுங்கி, ஒரு நாள் உடைந்துபோகிறார்கள். கவலையை இரவில் அசைபோடுவதைவிட, பகல் வெளிச்சத்தில் ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எப்போது தவணை. எழுதியதை நம்பகமான ஒருவரிடம் காட்டுங்கள். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ தவணையை மாற்றிக் கேட்பதில் இழுக்கில்லை. தாளில் இறங்கிய கடன் ஒரு ரூபாயும் குறைவதில்லைதான். ஆனால் அதற்கு ஓர் எல்லை இருப்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

இப்பழக்கங்கள் எல்லாருக்கும் போதுமானவை அல்ல. இரண்டு வாரங்களுக்கு மேல் ஒருவர் நாள்தோறும் சோர்ந்திருந்தால், விருப்பமான எதிலும் நாட்டமின்றி இருந்தால், பசியும் தூக்கமும் கெட்டால், அது சோம்பலும் அன்று, தெய்வக் குற்றமும் அன்று, நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. கட்டணமின்றி இரவும் பகலும் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்; 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை அது. அரசு மருத்துவமனையிலும் காட்டலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் ஊழியர் இரத்த அழுத்தம் பார்க்க வரும்போது, தூக்கமின்மையையும் அவரிடம் சொல்லலாம். நமக்கு அருகிலுள்ள வேலூரில், பாகாயத்தில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் இயங்கி வருகிறது. நோயாளியைத் தனியே அடைத்து வைக்காமல், குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்துச் சிகிச்சை தரும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக உண்டு. குடும்பமும் மருந்தின் ஒரு பகுதி என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். விவசாயி வீட்டில் பூச்சிமருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தாங்க முடியாத துயரம் பெரும்பாலும் ஒரு வேகத்தில் எழுந்து, சில மணி நேரத்தில் தணிவது. அந்த வேளையில் விஷம் கைக்கு எட்டாதிருந்தால் ஓர் உயிர் தங்கிவிடும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் இரண்டு கிராமங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில் பூட்டுள்ள பெட்டிகள் வைத்து, விவசாயிகள் தங்கள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைத்து, வேண்டும்போது எடுத்துச் சென்றார்கள். அவ்வூர்களில் தற்கொலைகள் குறைந்தன என்று 2013-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. சென்னையில் 1986-இல் சிநேகா அமைப்பை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் முன்னின்று நடத்திய முயற்சி அது.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவரைப் போலீசுக்கு அஞ்சி வீட்டிலேயே மறைத்து வைப்பதும் நம்மிடையே உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அத்தகையவரைக் கடும் மன உளைச்சலுக்கு ஆளானவராகவே கருத வேண்டும் என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்கியிருக்கிறது. ஒரு நிமிடமும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பூட்டுள்ள இரும்புப் பெட்டிகளுக்குப் பெருஞ்செலவு ஆகாது. எந்தச் சிற்றூரில், எந்தக் கட்டிடத்தில் வைக்கலாம், சாவியை யார் பொறுப்பில் விடலாம் என்பதை அடுத்த கிராம சபையில் பேசுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் திறக்கும் நேரத்தையும் அன்றே தீர்மானத்தில் எழுதிவிடலாம். கூட்டம் முடிந்தபின் ஒரு மணி நேரம் இங்கேயே இருப்பேன். பொதுவில் கேட்கத் தயங்குவோர் தனியே வந்து பேசலாம். குறிப்பேட்டில் பெயர் எழுத மாட்டேன்.