மருந்தை மாற்றும் வேளை எது?

 

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் மருந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெடிக்குள் செலுத்தும் மருந்துதான். அதன் அளவறியாது எவரும் கை வைப்பதில்லை. உண்ணும் மருந்தின் அளவையும் காலத்தையும் யார், எவ்வாறு முடிவு செய்கின்றனர் என்பதை மட்டும் நாம் கேட்பதில்லை.

1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பெற்றது. அந்நாளில் காசநோயாளிக்குச் சானடோரியமே புகலிடம். இடமோ சிலருக்கே கிடைக்கும். வீட்டிலிருந்தே மாத்திரை உண்டால் போதாதா என்று வினவிய ஆய்வாளர்கள், நகரத்து ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஓராண்டுக் காலம் இரு பிரிவினர்க்கும் ஒரே மருந்து. ஒரு பிரிவினர்க்கு ஓய்வும் நல்லுணவும். மற்றவர்க்கு நெருக்கடியான குடியிருப்பும் அரைவயிறும். பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று மாத்திரைகளை எண்ணினர். 1959இல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் சானடோரியங்களை மூடத் துணிந்ததற்கு இவ்வாய்வு பெருங்காரணம். அந்த ஏழைகளை நினைவுகூர்வார் இன்று எத்தனை பேர்?

எனினும் அங்கே சீட்டு ஒருமுறைதான் எடுக்கப்பட்டது. முதல் மருந்து பயன் தராதவர்க்கு அடுத்து என்ன செய்வது என்பது அவ்வாய்வின் வினா அன்று. அவ்வினாவுக்கு விடை காணும் முறையொன்றை 2005இல் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் சூசன் மர்பி விளக்கி எழுதினார். கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். மாத்திரை உண்ண மறப்போருக்குத் தொலைபேசியில் நினைவூட்டுவதா, வீட்டிற்கே ஆள் அனுப்புவதா என முதற்சீட்டு. ஒரு மாதம் கழித்துத் தேறியவரை அப்படியே விட்டு, தேறாதவருக்கு மட்டும் மறுசீட்டு: அதே உதவியைக் கூட்டுவதா, வேறு உதவிக்கு மாற்றுவதா? இவ்வாறு சோதிக்கப்படுவது ஒற்றை மாத்திரை அன்று. யாருக்கு, எப்போது, எதை மாற்றுவது என்னும் விதி.

2023இல் வெளியான பன்னாட்டுக் காசநோய் ஆய்வொன்றும், மறுசீட்டு இல்லாவிடினும், இத்தகைய விதியையே சோதித்தது. அதில் 674 பேர் பங்கேற்றனர். ஆறு மாதத்திற்குப் பதில் இரண்டு மாத மருந்து, பின்னர்க் கண்காணிப்பு, நோய் மீண்டால் மறுபடியும் சிகிச்சை. பெடாகுயிலின், லினசோலிட் சேர்ந்த முறை வழக்கமான சிகிச்சைக்கு ஈடாக நின்றது. ரிஃபாம்பிசினைக் கூட்டிக் கொடுத்த முறை ஈடாகவில்லை.

இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. கண்காணிப்பு என்றால் மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்கு வருதல். எண்ணிக்கைக்குக் கூலி பெறும் பட்டாசுத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருகையும் போன கூலி. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சொல்லவே வேண்டா. அவரை ‘வராதவர்’ என்று ஏட்டில் எழுதி ஒதுக்கினால், வரமுடிந்தவருக்கான விதியே அனைவருக்கும் விதியாகிவிடும். அது நோயாளியின் குற்றமன்று, ஆய்வை வகுத்தோர் குற்றம் என்றே கருதுகிறோம். கூலியிழப்பும் வேலைப் பருவமும் திட்டத்திலேயே கணக்கிடப்பட வேண்டும். அதனைச் சொல்ல அந்த மேசையில் நம்மவர் இருக்க வேண்டும். 2022இல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மருத்துவம் மட்டுமன்றிப் புள்ளியியலும் படியுங்கள். அதற்கு ஏனோ நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கவே தயங்குகின்றனர்.

ஆய்வில் சேரக் கையெழுத்துக் கேட்டு எவரேனும் உங்கள் தெருவுக்கு வந்தால், விரட்டவும் வேண்டா, உடனே ஒப்பமிடவும் வேண்டா. தாள் தமிழில் உள்ளதா என்று பாருங்கள். படிக்கத் தெரியாத பெரியவருக்கு நீங்கள் படித்துக் காட்டுங்கள். இடையில் விலகும் உரிமை உண்டு. விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. புது மருந்து ஆய்வால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தரவேண்டும் என 2019ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. அவ்விதிகளின் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை நமது சங்க நூலகத்தில் வைக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.