எண்ணும் பெயரும்

பெற்றோர் நமக்கு முதன்முதலாக அணிவிக்கும் அணி நமது பெயர். சிறை செல்பவனிடமிருந்து முதலில் களையப்படுவதும் அதுவே. அங்கே அவன் ஓர் எண்ணாகிவிடுகிறான். அந்த நிலையையே பாட்டாக்கி, உலகம் முழுவதையும் பாடவும் ஆடவும் வைத்த ஒரு பாடகரைப் பற்றி மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கரீபியக் கடலிலுள்ள ஜமெய்க்காத் தீவில், மே பென் என்னும் ஊரில், 1942ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் பிறந்தவர் பிரெடெரிக் ஹிப்பர்ட். டூட்ஸ் என்பது அவரது செல்லப் பெயர். பெற்றோர் கிறிஸ்தவ போதகர்கள். எனவே தேவாலயமே அவருக்குச் சங்கீதப் பள்ளியாயிற்று. இளம் வயதிலேயே பெற்றோரை இழந்து, தலைநகரான கிங்ஸ்டனை அடைந்தார். டிரெஞ்ச் டவுன் என்ற ஏழை மக்களின் பகுதியில் முடிதிருத்தும் கடையொன்றில் வேலை செய்துகொண்டே பாடுவார். அங்கே நண்பர்களான ராலி கார்டன், ஜெர்ரி மத்தியாஸ் இருவருடன் அவர் அமைத்த குழுவே 'மேட்டல்ஸ்'.

ஜமெய்க்கா விடுதலை பெற்றது 1962இல். விடுதலை விழாவையொட்டி 1966இல் நடைபெற்ற முதற் பாட்டுப் போட்டியில் இக்குழுவினரின் 'பாம் பாம்' பரிசு பெற்றது. புகழ் வாயிலுக்கு வந்து நின்ற அந்த வேளையில், கஞ்சா வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பெற்று டூட்ஸ் சிறை புகுந்தார். தாம் குற்றமற்றவர் என்றே அவர் பிற்காலத்தில் கூறிவந்தார்.

சிறை மீண்டவர் 1968இல் பாடியது '54-46 என் எண்' என்ற பாட்டு. நான் அதை முதலிற் கேட்டபோது வெறும் ஆட்டப் பாட்டென்றே எண்ணினேன். பொருளறிந்து கேட்டபின்னரே, உள்ளிருக்கும் வேதனை புலனாயிற்று. அழுகையை மகிழ்ச்சியின் தாளத்தில் வைத்துப் பாடுவது எளிய கலையன்று.

அதே ஆண்டில் 'டூ தி ரெகே' என்ற பாட்டை இக்குழு வெளியிட்டது. ரெகே என்ற சொல் இசைத்தட்டில் இடம்பெற்றது அதன் மூலமே என்பர். அதற்கு முன் அத்தீவில் விரைந்தோடும் ஸ்கா இசையும், பின்னர் நடை தளர்ந்த ராக் ஸ்டெடியும் வழங்கின. அவற்றின் வழித்தோன்றலே ரெகே. நாம் தாளம் தட்டும் இடத்தில் கிடார் ஒலிப்பதில்லை. இரு தட்டுகளுக்கு இடையே ஒலிக்கும். அந்த இடைவெளியில் டூட்ஸின் கனத்த சாரீரம், பிரார்த்தனைக் கூட்டத்தின் ஆவேசத்தோடு எழும்.

1972இல் வெளிவந்த 'தி ஹார்டர் தே கம்' என்ற திரைப்படத்தின் வாயிலாக அவரது பாடல்கள் கடல் கடந்தன. 1988இல் அமெரிக்க சோல் இசைப் பாடல்களைத் தம் பாணியில் பாடி ஒரு தொகுப்பு வெளியிட்டார். 2004இல் வெளியான 'ட்ரூ லவ்' என்ற தொகுப்புக்குக் கிராமி விருது கிடைத்தது.

எனினும், அவரது வாழ்வில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த நிகழ்ச்சி மேடையில் நிகழ்ந்ததன்று. 2013 மே மாதம் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் அவர் பாடிக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து ஓர் இளைஞன் வீசிய புட்டி அவர் தலையைத் தாக்கியது. காயம் ஆறிற்று, அச்சம் ஆறவில்லை. சுமார் மூன்று ஆண்டுகள் அவரால் மேடையேற இயலவில்லை. ஆயினும் அவர் நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். தமது துன்பத்தை மறைக்காமல் சொல்லி, அந்த இளைஞனிடம் இரக்கம் காட்டுமாறு வேண்டினார். சிறையில் இளைஞர்களுக்கு நேர்வதை எண்ணிப்பார்த்தால் தம் வேதனை மேலும் பெருகும் என்றார். நீதிமன்றம் தண்டனையை முற்றிலும் நீக்கவில்லை. ஆனால், அக்கடிதத்தின் பெருமை அதனாற் குறைந்துவிடுமா?

2016இல் மீண்டும் மேடையேறிய டூட்ஸ், 2020 செப்டம்பர் 11ஆம் நாள், தம் 77ஆம் வயதில், கிங்ஸ்டனில் காலமானார். அதற்குச் சில நாட்களுக்கு முன் வெளியான அவரது இறுதித் தொகுப்புக்கு 2021இல் கிராமி விருது வழங்கப்பெற்றது.

பட்ட துன்பத்தைப் பிறர்மீது திருப்பி எறிவோர் பலர். தாம் பட்டதை மற்றொருவன் படக்கூடாதென்று எண்ணுவோர் சிலரே. எண்ணாக வாழ்ந்த நாட்களை மறவாதவர், தம்மை அடித்தவனையும் ஒரு மனிதனாகவே கண்டார். இனி அவரது பாட்டைக் கேட்கும்போது, மாணவர்களே, அந்தக் கடிதத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.