கூட்டுத் தடுப்பூசியும் மக்கள் நம்பிக்கையும்

புனே நகரின் ஹடப்சர் பகுதியில் 1966-ல் தொடங்கப்பெற்ற சீரம் நிறுவனம், எண்ணிக்கையளவில் உலகிலேயே மிகுதியான தடுப்பூசி மருந்தைத் தயாரித்து வருகிறது. அதே புனேயில் 1897-ல் பிளேக் பரவியபோது, ராண்ட் என்ற ஆங்கில அதிகாரியின் பொறுப்பில் சிப்பாய்கள் வீடுகளுக்குள் புகுந்து நோயாளிகளைத் தேடினர். நோய்க்கு அஞ்சியதைவிட மக்கள் சிப்பாய்களுக்கே அதிகம் அஞ்சினர். ஜூன் 22-ல் ராண்ட் சுடப்பட்டார். மக்களின் ஒப்புதலைப் பெறாத சுகாதார நடவடிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்நகரம் அன்றே கண்டுவிட்டது.

இன்று புனேயிலிருந்து வெளிச்செல்லும் மருந்துகளுள் ஐந்து நோய்க் கூட்டுத் தடுப்பூசியும் ஒன்று. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி, ஹெபடைடிஸ்-பி, ஹிப் கிருமியால் வரும் நிமோனியாவும் மூளை உறை அழற்சியும் ஆகியவற்றை அது தடுக்கிறது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசுத் திட்டத்தில் இத்தகைய ஊசி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. தனித்தனியே போட்டால் ஒன்பது முறை குத்த வேண்டியதை, 6, 10, 14-ஆம் வாரங்களில் மூன்றே ஊசிகளில் முடித்துவிடலாம். ஆனால் இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. கக்குவான் மருந்துக் கூறினால் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் ஊசியிட்ட இடத்தில் வீக்கமும் காணும். ஓரிரு நாளில் தணியும் இதனை முன்கூட்டியே சொல்லாவிட்டால், இரவெல்லாம் கண்விழித்த தாய் அடுத்த தவணைக்குத் தயங்குவதில் வியப்பில்லை. அவளை அறியாமையுடையவள் என்று குறிப்பெழுதுவது அலுவலகங்களுக்கு எளிது!

ஊசிக்குப்பின் மரணம் நேர்ந்தால் சோதனை இன்னும் கடுமையானது. 2008 ஏப்ரலில் இரண்டு இடங்களில் அது வந்தது. இலங்கையில் அவ்வாண்டு ஜனவரியில் அறிமுகமான ஐந்து நோய்த் தடுப்பூசி (புனேயில் தயாரானதன்று) சில குழந்தைகளின் மரணத்தையடுத்து நிறுத்தப்பட்டது. வல்லுநர் குழு ஆராய்ந்தது; 2010-ல் ஊசி மீண்டும் வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப்பின் நான்கு குழந்தைகள் இறந்தன. மருத்துவர் உடனிருக்க வேண்டுமென்று, கிராமங்களில் நடந்துவந்த ஊசிப்பணி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றப்பட்டது. நோக்கம் பாதுகாப்பே. எனினும் அன்றாடக் கூலியை விட்டுப் பேருந்தேறித்தான் ஊசி போட்டுக்கொள்ள முடியும் என்ற நிலை பல தாய்மார்களுக்கு உண்டாயிற்று.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005-06-ல் 81 சதவீதம். 2015-16-ல் 70 சதவீதம். இச்சரிவு முழுவதையும் ஒரே காரணத்தில் ஏற்றுவது முறையன்று. ஆயினும், இறங்கிய விகிதத்தைக் கண்டவுடன் மக்கள் நம்பிக்கை இழந்துவிட்டனர் என்று முடிவுகட்டும் அலுவலர், ஊசி போடும் இடம் எவ்வளவு தொலைவிலுள்ளது என்பதையும் கேட்டறிய வேண்டும். 2019-21 ஆய்வில் அவ்விகிதம் 89 சதவீதமாக உயர்ந்தது. எஞ்சிய பதினொரு சதவீதக் குழந்தைகளுள் எத்தனை பேரின் பெற்றோர் மறுத்தவர்கள், எத்தனை பேர் வர இயலாதவர்கள் என்பதைக் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டைக் கொண்டு பிரித்தறிவதே அடுத்த வேலை.