எண்ணாது விட்ட ஒரு தண்டு



சீனர் போற்றும் ஐம்பெரு நூல்களுள் ஒன்று 'ஈ சிங்', அதாவது மாற்றங்களின் நூல். தொடக்கத்தில் அது குறி பார்க்கும் நூலாகவே வழங்கியது. முழுக்கோடும் இடைமுறிந்த கோடுமாக ஆறு கோடுகளை அடுக்கினால் 64 உருக்கள் பிறக்கும். போருக்கு எழலாமா, ஆற்றைக் கடக்கலாமா என வினவுவோர், ஒருவகைச் செடியின் உலர்ந்த தண்டுகளைப் பகுத்து எண்ணி, அதனால் அமையும் உருவுக்குரிய வாசகத்தை விடையாகக் கொள்வர். சங்க காலத்து வேலன் கழங்கிட்டுக் குறி பார்த்தது நமக்கு நினைவில் எழும்.

இந்நூலுக்கு உரை கண்டோர் பலருள் வாங் பி (226–249) என்பவரைப் பற்றியே இன்று பேசுகிறேன். கன்பூசியர் நெறியையும் லாவோ சுவின் தாவோ நெறியையும் ஓருரையில் இணைத்தவர் அவர்.

குறி பார்ப்பதற்குரிய தண்டுகள் 50. அவற்றுள் ஒன்றை அப்பால் வைத்துவிட்டு 49 தண்டுகளையே எண்ணுவர். ஏன்? ஹான் அரசர் காலத்துச் சிங் பாங் என்னும் அறிஞர், நாட்பெயர் 10, பொழுதின் பகுதி 12, நட்சத்திரம் 28, ஆக 50 என்று கணக்குக் காட்டினார். பஞ்சாங்கம் புரட்டிப் பழகிய நமக்கு இக்கணக்கு இனிக்கவே செய்யும். வாங் பி இத்தகைய கணக்குகளை நாடவில்லை. எண்ணாது விட்ட அந்த ஒரு தண்டையே அவர் நோக்கினார். அது தொழிற்படுவதில்லை, ஆயினும் ஏனையவை தொழிற்படுவதற்கு அதுவே இடந்தருகிறது என்றார். வண்டிற்சில்லின் நடுவிலுள்ள வெற்றிடமே சில்லைப் பயன்படச் செய்கிறது என்ற லாவோ சுவின் கருத்து இங்கே குறிநூலுக்குள் புகுந்துவிட்டது. லாவோ சுவின் நூலுக்கும் உரை எழுதியவர் அவரே என்பதை மறக்கலாகாது.

ஆனால் கோடுகளுக்குப் பொருள் கூறுங்கால் அவர் துறவியாகப் பேசவில்லை. கீழிருந்து ஐந்தாம் கோடு அரசனுக்குரிய இடம். இரண்டாவது அவனுக்குப் பணிபுரிவோன் இடம். தன் இடமும் காலமும் அறிந்து நிற்கும் கோடு நலம்பெறும், அறியாதது கெடும். குறளின் காலமறிதல், இடனறிதல் அதிகாரங்களைப் பயின்றவர்க்கு இது அயலாகத் தோன்றாது. இது கன்பூசியரின் அரசநெறி.

இவ்விரண்டும் எங்ஙனம் பொருந்தும்? இருபது வயதும் நிரம்பாத வாங் பியிடம் பெய் ஹுய் என்னும் அதிகாரி இதனையே வினவினாராம்: இன்மையே யாவற்றுக்கும் மூலமாயின், கன்பூசியர் அதனைப் பற்றிப் பேசாததும் லாவோ சு ஓயாது பேசியதும் ஏன்? கன்பூசியர் இன்மையோடு ஒன்றி நின்றார், ஆதலின் சொல்லவில்லை. லாவோ சு உண்மை என்னும் நிலையைக் கடவாதவர், ஆதலின் தமக்குக் குறைவானதையே சொல்லிக்கொண்டிருந்தார் என்பது விடை.

கூர்மையான விடைதான். எனினும் எனக்கு ஓர் ஐயம். கன்பூசியரை மேலே ஏற்றிவிட்டு, அவர் மௌனத்துக்குள் லாவோ சுவை அன்றோ வைத்துவிட்டார்! மௌனத்துக்கு எப்பொருளையும் ஏற்றலாம். மறுத்துரைக்க அது வாராது. உரைகாரர்க்கு இவ்வுரிமை எவ்வளவு? சிவசம்புப் புலவர் பிறந்த உடுப்பிட்டியார்க்கு உரைவழக்குப் புதிதன்று. பரிமேலழகர் அறத்தை மனு முதலிய நூல்கள் விதித்தவற்றோடு இணைத்துரைத்ததன்பின், வள்ளுவர் கருத்து அதுதானா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

249ஆம் ஆண்டு அரசியற் கவிழ்ப்பில் வாங் பி பதவியிழந்தார். அவ்வாண்டே நோயுற்று இறந்தார். ஆயினும் 653இல் தாங் அரசு வெளியிட்ட ஐந்நூல் விளக்கத்தில் அவர் உரையே அடிப்படையாயிற்று. அரசுத் தேர்வுக்குக் கற்றோர் அவ்வுரை வழியே பயின்றனர்.

பின்னர்ச் செங் ஈ (1033–1107) மறுப்பு எழுப்பினார். 'மீட்சி' என்னும் உருவில் மேலே ஐந்து முறிந்த கோடுகள்; அடியில் ஒரே முழுக்கோடு. இங்கே விண்ணும் மண்ணுமாகியவற்றின் உள்ளம் தோன்றும் என்கிறது மூலம். அசைவு அடங்கிய அமைதியில் தோன்றும் என்பது வாங் பி உரை. அன்று, அசைவு தொடங்கும் இடத்திலேயே தோன்றும் என்றார் செங் ஈ. அடியில் முளைத்து நிற்கும் அவ்வொற்றைக் கோட்டைப் பார்க்குந்தோறும் செங் ஈ சொன்னதே மூலத்துக்கு அணுக்கமானதென எனக்குப் படுகிறது.